தலைக்காயத்துக்குப் பிறகு குணம் மாறினால்: குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

தலையில் அடிபட்டவர் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, வீடு திரும்பிவிட்டார். உறவினர்கள் வந்து பார்த்து, "உயிர் பிழைத்ததே பெரிது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சில வாரங்களில் வேறொன்று தொடங்குகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம், நடுஇரவில் எழுந்து நடப்பது, காரணமே இல்லாத அழுகை, அல்லது நாள் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. அந்த வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இருசக்கர வாகன விபத்தில் மூளையின் முன்பகுதியில் ரத்தம் கட்டியது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கு என்றும் நன்றியுடையவர்கள் நாங்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தையலைப் பற்றிச் சொன்னார்கள், வலிப்பு மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள். அவன் வேறு ஆளாக மாறக்கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தத் துறைக்குப் போவது, என்ன காகிதம் கொண்டுபோவது, எதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதையெல்லாம் நாங்களே அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றை உறுதியாக மனதில் வையுங்கள். இது திமிர் அல்ல, சோம்பல் அல்ல, செய்வினையும் அல்ல. கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, எந்த இடத்தில் எதைப் பேசலாம் என்று நிதானிப்பது எல்லாம் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலைகள். விபத்தில் பெரும்பாலும் அடிபடுவதும் அந்தப் பகுதிதான். அமெரிக்காவின் சியாட்டிலில் தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த 559 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு அந்த ஓராண்டுக்குள் கடுமையான மனச்சோர்வு இருந்தது. ஆக, உங்கள் வீட்டில் நடப்பது அபூர்வமானதல்ல. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சையைப் பெரும்பாலும் நாமாகத்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

இதில் சொல்லும் அலுவலக நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

1. காகிதங்களைச் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். அதில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: சேர்க்கும்போது இருந்த ஜி.சி.எஸ். மதிப்பெண் (நினைவு எந்த அளவு இருந்தது என்று காட்டும் எண்), மூளையின் எந்தப் பகுதியில் காயம், எத்தனை நாள் நினைவின்றி அல்லது குழப்பத்தில் இருந்தார் என்பது. ஜி.சி.எஸ். 13 முதல் 15 வரை இருந்தால் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்கும் கீழே என்றால் கடுமையானது. பின்னால் பார்க்கப்போகும் மனநல மருத்துவரும் நீதிமன்றமும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். விடுபட்டிருந்தால் அப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் மருத்துவப் பதிவறையில் காத்துக் கிடக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் படத்தையும் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். சாலை விபத்து என்றால் அவசரப் பிரிவில் பதிவான ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காவல் நிலையத்து எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டும் தேவை. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மருந்து ரசீது, ஆம்புலன்ஸ் ரசீது, ஆட்டோ செலவு உட்பட எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். ரசீதில் உள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், நகல் எடுத்துவிடுங்கள்.

2. மனநலம் என்று முடிவு கட்டுமுன் உடலைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். குணமாற்றம் போலத் தெரிவதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

நன்றாக இருந்தவர் சில வாரங்கள் கழித்துத் திடீரெனத் தூங்கி வழிகிறார், தலைவலி கூடுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மூளையைச் சுற்றி மெல்ல மெல்ல ரத்தம் சேர்ந்திருக்கலாம். முதியவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய் சி.டி. எடுக்க வேண்டும்.

புதிதாகக் குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு அது குறைவதுண்டு. மாதக்கணக்கில் தீராத அசதி, தாம்பத்திய நாட்டம் அற்றுப்போவது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது இருந்தால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். தைராய்டு, காலை நேர கார்டிசால் முதலிய ஹார்மோன் சோதனைகள் அதைக் காட்டிவிடும். மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தும் பலன் இல்லாத சிலருக்குக் காரணம் இங்கே இருக்கும்.

அடுத்தது வலிப்பு மாத்திரை. லெவெடிராசெட்டம் என்ற மருந்து பலருக்கு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் அது சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். மாத்திரை தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து தருவார். வலிப்பே வராதவர் என்றால், இன்னும் எவ்வளவு காலம் இது தேவை என்றும் கேளுங்கள். நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

3. ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்

மருத்துவர் உங்கள் எதிரே சில நிமிடங்கள்தான் இருப்பார். அந்த நேரத்தில் "எப்போதும் கோபமாகவே இருக்கிறார்" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய இயலாது. தேதி, நேரம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார், இவ்வளவும் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியும். எங்கள் வீட்டில் கோபம் எல்லாம் மாலையில்தான் வந்தது, டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். களைத்த மூளையால் அத்தனை சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்பது நோட்டைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

எழுதும்போது கவனித்துப் பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் மனச்சோர்வில் இருப்பவர் அல்லர். மனச்சோர்வில் இருப்பவர் வருந்துவார், அழுவார், "என்னால் எல்லோருக்கும் பாரம்" என்பார், சாப்பாடு இறங்காது. முன்மூளை பாதித்து முனைப்பு இழந்தவரிடம் வருத்தம் பெரிதாக இருக்காது. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மூன்று நாளானாலும் அப்படியே இருப்பார். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதேபோல, துக்கமே இல்லாமல் திடீரென அழுவதும், சிரிக்க வேண்டாத இடத்தில் சிரிப்பதும் மூளைக் காயத்தின் தனியான ஒரு விளைவு. அதற்கும் மருந்து இருக்கிறது. பெண்களிடம் தகாத பேச்சு, கைக்கு வந்த பணத்தையெல்லாம் செலவழிப்பது, பார்ப்போரிடமெல்லாம் சண்டை போன்றவற்றை வெட்கப்பட்டு மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவருக்கு மிகவும் தேவையான தகவல் அதுதான்.

4. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், முதல் நாளுக்கு அரை நாளை ஒதுக்கி வையுங்கள். நரம்பியல் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. மருத்துவக் கல்லூரி தொலைவில் இருந்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது.

தலைக்காயத்துக்கென மறுவாழ்வு, நினைவாற்றல் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகம் இரண்டும் நல்ல தேர்வு. தங்கும் செலவையும் உடன் இருப்பவரின் வருமான இழப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். மருத்துவக் கட்டணத்தைவிட அதுதான் கூடுதலாக ஆகும்.

தனியார் மருத்துவரிடம் ஒரு முறைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை கேட்கிறார்கள். தொடக்கத்தில் மாதம் இரண்டு முறையாவது போக வேண்டியிருக்கும். அப்படியே பெருக்கிப் பாருங்கள். மாத்திரைச் செலவை முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் குறைக்கலாம். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். மனநலப் பிரிவில் சேர்த்ததற்காகக் காப்பீட்டுத் தொகையை மறுத்தால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் முறையிடுங்கள்.

உடனே எங்கும் போக முடியாத நிலையில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) அழையுங்கள். இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம்.

5. வர மறுப்பவரை அழைத்துப் போவது

"எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள்" என்பார். பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். தன் குறையைத் தானே உணரும் திறனும் காயத்தில் பாதிக்கப்படுவதுண்டு. வாதாடி ஜெயிக்க முடியாது. "தலைக்காயத்துக்கு அடுத்த பரிசோதனை" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. தூக்கமோ தலைவலியோ அவருக்கே தொந்தரவாக இருப்பதைக் காரணமாகச் சொன்னால் எளிதாக வருவார். எங்கள் தம்பி தூக்கத்துக்காகத்தான் வந்தான்.

அவர் எதிரில் எல்லாக் குறைகளையும் அடுக்காதீர்கள். நோட்டை மருத்துவரிடம் கொடுத்து, தனியாகப் பேசச் சில நிமிடம் கேளுங்கள். விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்: குடிப்பழக்கம், பழைய மனச்சோர்வு, படிப்பு, வேலை. மருத்துவருக்கு ஒப்பிட அதுதான் அளவுகோல்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், ஒப்புக்கொள்ளாதவரையும் உள்நோயாளியாகச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோயாளியின் சார்பாகச் செயல்படும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். பதிவு பெறாத "மறுவாழ்வு இல்லம்" எதிலும் கொண்டுபோய் விடாதீர்கள். குடிநோயாளிகளுக்கான பல இடங்களில் தலைக்காயத்தைப் பற்றித் தெரிந்தவர் யாருமே இல்லை.

6. மாத்திரை பற்றி

மனச்சோர்வு மருந்து இன்று சாப்பிட்டு நாளை கேட்காது. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். காயம்பட்ட மூளைக்குப் பக்கவிளைவுகள் எளிதில் வரும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். "பலனே இல்லை" என்று பத்தாம் நாள் மருத்துவரை மாற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சற்றுத் தேறியதும் நிறுத்திவிடுவது அடுத்தது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: இது வலிப்பைத் தூண்டுமா? ஏற்கெனவே சாப்பிடும் வலிப்பு மாத்திரையோடு சேருமா? நினைவாற்றலை மந்தமாக்குமா? ப்யூப்ரோபியான் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். தூக்கத்துக்காகத் தரும் டயஸிபாம் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் தொடர்ந்தால் குழப்பமும் மறதியும் கூடும். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

7. நினைவாற்றல் சோதனையும் ஆலோசனையும்

மருந்து மட்டும் போதாது. மருத்துவ உளவியலாளர் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றை அளக்கும் சோதனைகளைச் செய்வார். சில மணி நேரம் ஆகும். களைத்துப்போகிறவர்களுக்கு இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். காயத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில்தான் மாற்றம் வேகமாக இருக்கும் என்பதால், ஆறாவது மாதத்தையொட்டி ஒரு முறையும் ஓராண்டு கழித்து ஒரு முறையும் செய்தால் ஒப்பிட வசதி. அரசு மருத்துவமனையில் காத்திருப்பு இருக்கும். முதல் வருகையிலேயே தேதி கேளுங்கள். தனியாரிடம் போனால் அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவெண் இல்லாதவரின் அறிக்கையை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தரும் மருத்துவ வாரியம் ஏற்காது.

8. வீட்டில் மாற்ற வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, நடப்பது எல்லாம் ஒரே நேரத்தில் தினமும் நடக்கட்டும். நேர அட்டவணையைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பகலில் ஒரு மணி நேர ஓய்வு கட்டாயம். கோபம் ஏறும்போது பதில் சொல்லாமல் அறையை விட்டு வெளியே வாருங்கள். அடங்கிய பிறகு நடந்ததைக் கிளறாதீர்கள்.

மது ஒரு துளியும் வேண்டாம். "கொஞ்சம் குடித்தால் நன்றாகத் தூங்குவான்" என்று நண்பர்கள் வருவார்கள். வலிப்பு, மனச்சோர்வு, கீழே விழுந்து மறுபடி தலையில் அடி என மூன்றுக்கும் அது வழி. நண்பர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். வண்டிச் சாவியை, மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை கண்ணில் படாமல் வையுங்கள். வங்கி அட்டையையும் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தையும் சிறு தொகைக்குள் கட்டுப்படுத்துங்கள்.

"ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நெருங்கிய உறவினர்களே அம்மாவிடம் சொன்னார்கள். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்கும் பேச்சு இது. மந்திரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டால் கோயிலுக்குப் போய்வரட்டும். ஆனால் மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது, கட்டிப்போடவோ அடிக்கவோ பட்டினி போடவோ யாரையும் அனுமதிக்கக் கூடாது.

9. சாவைப் பற்றிப் பேசினால்

தலைக்காயத்துக்குப் பிறகு தற்கொலை ஆபத்து கூடுதல். மனச்சோர்வோடு, நினைத்ததை உடனே செய்துவிடும் அவசரமும் சேர்ந்துகொள்வது ஒரு காரணம். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. பேச வழி கிடைக்கும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை நீங்களே கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416ஐ அழையுங்கள், சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவை 044 2464 0050 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் 108. போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

10. சான்றிதழும் இழப்பீடும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் என்று தனி வகை அதில் இல்லை. கை கால் இயக்கம், பேச்சு, மனநோய் என்று விளைவை வைத்துத்தான் சான்றிதழ் கிடைக்கும். அதனால் "தலைக்காயத்தால் ஏற்பட்ட மனநலப் பாதிப்பு" என்று காரணத்தையும் விளைவையும் இணைத்து மனநல மருத்துவர் விரிவான கடிதம் தர வேண்டும். மனநலப் பாதிப்பின் சதவீதத்தை ஐடியாஸ் என்ற அளவுகோலால் கணிக்கிறார்கள். தன்னைத்தானே பராமரிப்பது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்ற நான்கையும், பாதிப்பு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். உங்கள் நோட்டில் இந்த நான்கைப் பற்றியும் எழுதி வந்திருந்தால் வாரியத்தில் திணற மாட்டீர்கள். சான்றிதழுக்குப் போகும் நாளில் அவரைச் சிங்காரித்து, "இப்போது நன்றாகத்தான் இருக்கிறான்" என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் அல்லது இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், மருத்துவ ஆவணங்கள் தேவை. அட்டைக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சில மாதம் ஆகலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள்.

சாலை விபத்தாக இருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு வைக்கிறது. ஆளைத் தேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டியிருந்தாலும் கைவிடாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது.

இழப்பீட்டு வழக்கில் எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே சாட்சி. குணமாற்றத்துக்கு எது சாட்சி? தொடர்ச்சியான மனநலச் சிகிச்சைச் சீட்டுகளும் உளவியல் சோதனை அறிக்கையும்தான். உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்காமல், அந்த ஆளால் தன் வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. தலைக்காயம்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுவதும் உடனிருந்து பராமரிப்போருக்கான செலவையும் 2020இல் அந்த நீதிமன்றம் கணக்கிட்டுக் கொடுத்தது. உங்கள் வழக்கறிஞர் கை கால் காயத்தை மட்டும் மனுவில் எழுதியிருந்தால், மனநலப் பாதிப்பையும் உடனிருப்பவர் செலவையும் சேர்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சமரசத்துக்கு அழைத்தால், உளவியல் அறிக்கை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

11. பார்த்துக்கொள்பவர்

இந்த வேலை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது: மனைவி, அம்மா, அக்கா. வாரத்தில் ஓர் அரை நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். யார், எந்தக் கிழமை என்று பெயரோடு எழுதி வையுங்கள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டால், அழுகை நிற்கவில்லை என்றால், அவருக்குச் சீட்டுப் போடும் அதே நாளில் உங்கள் பெயருக்கும் ஒரு புறநோயாளிச் சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்றால், நோய் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தைகளோடு வேறிடத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து மருத்துவரையும் 181 பெண்கள் உதவி எண்ணையும் அழையுங்கள்.